இரண்டு மணிக்கு ஏறிய குமிழ்

பழைய பெட்டி நல்லதா, புதுப் பெட்டி நல்லதா என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் தொழிலில் இல்லை. கேட்கும்போதே சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்பார்கள். காது போனவனிடம் ஹெட்போன் ஆம்ப் பற்றி அபிப்பிராயம் கேட்பது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. உதடு அசைவதைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவனுக்கு உதட்டோரத்துச் சிரிப்பும் தெரியும் என்கிற அறிவுகூடக் கிடையாது, மூதேவிகளுக்கு. இருக்கட்டும். அந்த இரண்டு பெட்டிகளையும் அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவன் நான் ஒருவன்தான். தீர்ப்பை எழுதியே வைத்துவிடுகிறேன்.

கொடைக்கானலில் எங்களுக்கு மைக்செட் கடை. எங்களுக்கு என்றால் எனக்கும் என் கூடப்பிறந்த தம்பிக்கும். குழாய் ஸ்பீக்கர்கள், பாக்ஸ்கள், ஒரு மிக்ஸர், ஒரு ஜெனரேட்டர், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக ஒரு வேன். மேலே பூண்டி, கிளாவரை வரை கோயில் கொடையும் மாதா திருவிழாவும். கீழே இறங்கினால் வத்தலக்குண்டு, கன்னிவாடி, பழனி என்று கல்யாணங்கள். மே மாதம் வந்தால் ஏரிக்குப் பக்கத்து மைதானத்தில் சீசன் மேடை. வயர் இழுப்பது, பாக்ஸ் தூக்குவது, ஆள் பிடிப்பது எல்லாம் தம்பியின் சோலி. மிக்ஸர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்வது நான். அந்த நாற்காலியில் வேறு எவனாவது உட்கார்ந்தால் தெரியும் சேதி.

ஊரில் எனக்குப் பெயரே பாம்புச்செவி. சும்மா வைக்கவில்லை. கூட்டம் முழுக்க இரைந்துகொண்டிருக்கும்போது, எந்தப் பாக்ஸில் எந்த ஸ்பீக்கர் கிழிந்திருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வேன். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை கால் இழை இறங்கியிருந்தால் எனக்குப் பல் கூசும். அந்த நாற்காலியும் அந்தப் பெயரும்தான் என் சொத்து. வேறு என்ன இருந்தது எனக்கு? பிள்ளை கிடையாது. படிப்பு கிடையாது. முகமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

பழைய பெட்டி எனக்கு வந்தது செல்போன் புதிதாக மலையேறிய சமயத்தில். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரர், நாடகத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் எங்களிடம்தான் மைக்செட் எடுப்பார். ஊருக்குத் திரும்புகிறபோது தன் சாமான்களை எல்லாம் வாசலில் பரப்பிவைத்து விற்றார். இந்தப் பெட்டியை மட்டும் விற்கவில்லை. என் கையில் வைத்து, என் காதைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். சிகரெட் பாக்கெட்டைவிடச் சற்றே பெரியது. கறுப்பு பிளாஸ்டிக். முன்பக்கம் ஒரு குமிழ், ஒரு சிவப்பு விளக்கு, இரண்டு துளை. உள்ளே ரேடியோவுக்குப் போடுகிற சதுர பாட்டரி ஒன்று.

இது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். மேடைப் பாக்ஸ்கள் அலறும்போது மிக்ஸரில் நேராக ஹெட்போனை மாட்டினால் உள்ளே கிணற்றுக்குள் யாரோ முனகுகிற மாதிரிதான் இருக்கும். நடுவில் இந்தப் பெட்டியைச் செருகிவிட்டால் ஹெட்போன் சத்தம் பல மடங்கு ஏறும். வெளியே உலகமே அலறினாலும், பாடுகிறவள் மூச்சு இழுப்பது காதுக்குள் கேட்கும். முதல் நாள் மாட்டியபோது தபலாக்காரர் விரல் மோதிரம் தோலில் உரசுவது கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் இல்லை.

குமிழை நாங்கள் கடிகாரமாகத்தான் பேசுவோம். குமிழில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். கோடு இடப்பக்கம் படுத்திருந்தால் ஒன்பது மணி. உச்சியில் நின்றால் பன்னிரண்டு. வலப்பக்கம் சாயச் சாய ஒன்று, இரண்டு, மூன்று. மணி ஏற ஏறச் சத்தம். “எத்தன மணியில வச்சிருக்க?” என்றுதான் கேட்போம். புதிதாக வேலைக்கு வந்த ஒருவனிடம் அப்படிக் கேட்டதும், அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னான். அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.

ஆமாம், அப்படித்தான் இருந்தேன். மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. ஒரு சீசன் மேடையில் திண்டுக்கல்லிலிருந்து வந்த கச்சேரிக்காரப் பெண் சரணத்தில் சுருதி இறங்கினாள். நான் அவள் மைக்கை அப்படியே மூடிவிட்டேன். பாட்டு முடியும்வரை அவள் வாயை அசைத்துக்கொண்டு நின்றாள், ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. கீழே இறங்கி வந்து ஏன் என்று கேட்டாள். “சுருதி சேராத தொண்டைக்கு மைக் எதுக்கும்மா? வீட்ல போய்ப் பாத்திரம் வெளக்கிக்கிட்டே பாடு” என்றேன். அவள் சுருதி இறங்கியது உண்மை. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

தம்பிக்கும் அதே மரியாதைதான். ஒரு தடவை பூண்டிக் கோயில் கொடையில், நான் டீ குடிக்கப் போன சமயம் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தான். ஊர்ப் பெரியவர்கள் முன்னாலேயே அதைப் பிடுங்கினேன். “ஏலே, ஒனக்கு இருக்கறது காதா, பணியாரமா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசன? போய் வயரச் சுத்து” என்றேன். அவன் எழுந்து போனான். வயரைச் சுற்றினான். முழங்கைக்கும் பெருவிரலுக்கும் நடுவே எட்டுப் போடுகிற மாதிரிச் சுற்றுவான், சிக்கே விழாது. அதில் மட்டும் அவனை அடிக்க ஆள் இல்லை.

பழைய பெட்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, குமிழ் எட்டு மணியைத் தாண்டும்வரை இடக் காதுக்கு மட்டும்தான் சத்தம் வரும். வலது பிறகுதான் விழிக்கும். இரண்டு, பாட்டு நின்ற இடத்தில் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி ஓர் இரைச்சல். மூன்று, பக்கத்தில் செல்போன் இருந்தால் மணி அடிப்பதற்கு முன்பே டிர்ர்டிக் டிர்ர்டிக் என்று காதுக்குள் புகுந்துவிடும். “ஒனக்கு போன் வருதுடா” என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் பையில் மணி அடிக்கும். பையன்கள் மிரண்டு போவார்கள். இந்த மலையின் ஈரத்தில் அடிமூடித் திருகாணி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டுத்தான் மூடி வைத்திருந்தேன்.

நான்காவது குறை, இரண்டு மணியைத் தாண்டினால் பெட்டி கரகரக்கும். குரல் உடையும். தாளம் பல்லைக் கடிக்கும். ‘போதும், இதற்கு மேல் என்னால் முடியாது’ என்று கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி. அன்றைக்கு அதைக் குறை என்றுதான் நினைத்தேன்.

இனிக் காது விஷயத்துக்கு வருகிறேன்.

மலைக்கும் கீழுக்கும் ஏறி இறங்குகிறவர்களுக்குக் காது அடைப்பது சகஜம். வண்டி வளைவுகளில் ஏற ஏற உள்ளே பஞ்சு வைத்த மாதிரி ஆகும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதுவோம், கொட்டாவி விடுவோம், எதையாவது மெல்லுவோம். டக்கென்று திறந்துகொள்ளும். இங்கே பேசிக்கொண்டிருப்பவன் திடீரென்று “என்னது?” என்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள்; கீழே போய்விட்டு வந்திருக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். இதற்கு எங்கள் வேனில் மலை அடைப்பு என்று பெயர். தம்பி மட்டும் எப்போதும் சட்டைப்பையில் இஞ்சிமரப்பா வைத்திருப்பான். நான் மூக்கைப் பிடித்தால் போதும், ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டுவான். “மெல்லுங்கண்ணே. மேல போறதுக்குள்ள தொறந்துரும்” என்பான். திறந்துகொள்ளும்.

பிறகு திறந்துகொள்ளவில்லை. எந்தப் பயணத்திலிருந்து என்று கேட்டால் தெரியாது. வீட்டில் பெண்டாட்டி தாளிக்கும்போது கடுகு வெடிக்கிற சத்தம் இல்லாமல் போயிருந்தது. எண்ணெய் காயாமலே கடுகைப் போடுகிறாள் என்று அவளைத் திட்டினேன். சமையல் தெரியாதவள் என்று அவள் பிறந்த வீட்டையும் சேர்த்துத் திட்டினேன். அவள் ஒரு நாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடுப்பு முன்னால் நிறுத்தினாள். கடுகு என் முகத்தில் தெறித்தது. சத்தம் வரவில்லை.

“மலை அடைப்பு” என்றேன்.

“கீழ போயி ஒரு மாசமாச்சு” என்றாள்.

“ஒனக்கு என்ன தெரியும், சோலியப் பாரு” என்றேன்.

குமிழ் ஒன்பதிலிருந்து பத்துக்குப் போனது. பத்திலிருந்து பன்னிரண்டு. பாட்டரி மட்டம் என்று பாட்டரியை மாற்றினேன். ஹெட்போன் மட்டம் என்று ஹெட்போனை மாற்றினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். குமிழ் இரண்டில் வந்து நின்றது. அதற்கு மேல் பெட்டி கரகரத்தது; அந்தக் கரகரப்பு ஒன்றுதான் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒன்றைச் சொல்ல வேண்டும். அதனால் என் பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை. கை பழகின வேலை. பழைய நினைப்பிலேயே மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற கட்டைகளை ஏற்றி இறக்கினேன். ஊர் பாம்புச்செவி என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

பூண்டியில் ஒரு திருவிழா. பூசைக்குப் பிறகு பொதுக்கூட்டம் மாதிரி ஏதோ பேச்சு. பேசுகிறவர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பாக்ஸுக்கு முன்னால் வந்துவிட்டார். அப்படி வந்தால் மைக் ஊளையிடும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஜனம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது. பூண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் முந்தானையைக் காதில் அமுக்கினார்கள். நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன இது, சாமி கும்பிடும் விதமா என்றுகூட நினைத்தேன். தம்பி ஓடி வந்து, என் தோளுக்கு மேலே கையை விட்டு, கட்டையை இழுத்து இறக்கினான். அப்போது அவன் என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே. பாவம் பார்க்கிற பார்வை இல்லை. ஒரு பூட்டுக்குச் சாவி கிடைத்தவன் பார்வை.

அதற்குப் பிறகுதான் புதுப் பெட்டி வந்தது. பெண்டாட்டி வழி உறவுக்காரப் பையன் சிங்கப்பூரில் இருந்தான். அவனிடம் சொல்லித் தம்பியே வரவழைத்தான். அதே கம்பெனி, அதே பெயர், பெயருக்குப் பின்னால் இரண்டு என்ற எண் மட்டும் கூட. இரண்டாம் தலைமுறை என்று அட்டையில் போட்டிருக்கிறது என்று தம்பி வாசித்துக் காட்டினான். வெள்ளி நிறத் தகட்டு உடம்பு. பழசில் பாதி கனம். பாட்டரி உள்ளேயே இருக்கிறது. செல்போன் மாதிரி சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். குமிழ் மட்டும் பழசைப் போலவே, வெள்ளைக் கோட்டோடு.

ஒரு நாள் வெள்ளனே தம்பி வீட்டுக்கு வந்து, வெரசாக் கடைக்கு வாங்க, புதுப் பெட்டியை நீங்கள் கேட்டுச் சொன்னால்தான் சீசனுக்கு எடுக்கலாம் என்றான். எனக்குப் பெருமை. சட்டை மாற்றிக்கொண்டு போனேன்.

கடையில் இரண்டு பேர் முன்பே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சீசன் மேடைக் கமிட்டிக்காரர். யாருக்கு மைக்செட் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர். இன்னொருத்தி நான் மைக்கை மூடிய கச்சேரிக்காரப் பெண். அந்த வருஷக் கச்சேரி அவளுடையதாம். அவளைப் பார்த்ததும் எனக்குச் சுரீரென்றது. ஆனால் எழுந்து போகவில்லை. பாம்புச்செவி எதற்கு எழுந்து போக வேண்டும்?

மேசை மேல் இரண்டு பெட்டியையும் துண்டு போட்டு மூடியிருந்தான். “எது எதுன்னு நீங்களே சொல்லுங்கண்ணே. இவங்களும் ஒங்க காதப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்காங்க” என்றான். ஹெட்போனை என் தலையில் மாட்டியவனும் அவனே. புல்லாங்குழல் சிடி ஒன்றைப் போட்டான். முதலில் கேட்டதில் தூறல் இரைச்சல் இல்லை. இரைச்சல் கேட்கவில்லை என்பது வேறு, இரைச்சல் இல்லை என்பது வேறு. அன்றைக்கு எனக்கு இரண்டும் ஒன்று. ஆனால் குமிழைத் தொட்டுப் பார்க்கச் சொன்னபோது, இடமும் வலமும் சேர்ந்தே விழித்தன. அதைவைத்துப் பிடித்துவிட்டேன்.

“இது புதுசு” என்றேன்.

“எப்படிண்ணே இருக்கு?”

“தொடச்சு வச்ச வெங்கலக் கும்பா மாதிரி இருக்கு. சுத்தம்.”

தம்பி சிடியை நிறுத்தினான். “இப்ப?” என்றான்.

“இப்ப என்ன, பாட்டு நின்னுருச்சு.”

“வேற ஏதாச்சும் கேக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல.”

கண்ணை மூடிக்கொண்டேன். ரசிகன் மாதிரி தலையைச் சாய்த்தேன். நேரம் எடுத்துக்கொண்டேன். “துளி இரைச்சல் இல்ல. அம்மாவாச மாதிரி கப்சிப்புனு கெடக்கு. கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்” என்றேன்.

கண்ணைத் திறந்தபோது மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றிக் கமிட்டிக்காரரிடம் கொடுத்தான். அவர் காதில் வைத்த வேகத்தில் உதறி எடுத்தார்.

“என்னங்க இது, காதுக்குள்ள ஊசி எறங்குது. கொசு கத்துற மாதிரி ஙீன்னு. எப்படிங்க இத இவ்வளவு நேரம் வச்சிருந்தாரு?”

“சார்ஜர் மாட்டியிருக்கேன். சார்ஜர் மாட்டிட்டுப் போட்டா இந்தப் பொட்டி இப்படித்தான் கத்தும். தெரிஞ்சுதான் மாட்டுனேன்” என்றான் தம்பி. துண்டை விலக்கி வயரைக் காட்டினான். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிகிற மாதிரி வாயை அகலமாகத் திறந்து, நிதானமாகச் சொன்னான்: “காதா, பணியாரமாண்ணே?”

கச்சேரிக்காரப் பெண் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: “பாம்புக்குக் காதே கெடையாதுங்களாம். தரை அதிர்றத மட்டுந்தான் அறியுமாம். பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்.”

நாற்காலி அன்றைக்கே போயிற்று. அந்த சீசனில் மிக்ஸர் முன்னால் தம்பி உட்கார்ந்தான், அந்தப் புதுப் பெட்டியோடு. பழசை ரப்பர் பேண்டோடு என்னிடம் வீசினான். “நெனவுக்கு வச்சுக்கங்க” என்றான். கடையை விட்டுப் போகவா முடியும், போய் எந்த வேலை செய்வது? வயர் சுற்றும் வேலையை எனக்குக் கொடுத்தான். நான் சுற்றினால் சிக்கு விழுந்தது. பையன்கள் முன்னால் அதைப் பிரித்துக் காட்டி, எட்டுப் போடுகிற மாதிரி எப்படிச் சுற்றுவது என்று எனக்கு வகுப்பு எடுத்தான். பாம்புச்செவி என்று அதற்குப் பிறகும் கூப்பிட்டார்கள், முதுகுக்குப் பின்னால் நின்று. திரும்பாவிட்டால் சிரிப்பார்கள்.

வெறுத்தேன். கூடப்பிறந்தவனை இப்படி வெறுக்க முடியும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

மதுரையில் ஒரு காது டாக்டரிடம் போனேன், யாருக்கும் சொல்லாமல். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பித்தானை அமுக்கச் சொன்னார்கள். வெகு நேரம் அமுக்க எதுவும் வரவில்லை. டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: ‘ஹெட்போனில் சத்தமாகக் கேட்கும் தொழிலா?’ ஆமாம் என்றேன். நரம்பு செத்துவிட்டது, வராது, முதலிலேயே சத்தத்தைக் குறைத்திருந்தால் தப்பியிருக்கும் என்றார். மேலே உள்ள கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போகுமாம், பேச்சு கடைசியில்தான் போகுமாம், அதனால் போகிறவனுக்கே தெரியாதாம். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். பெண்டாட்டியிடம் வயசுக் கோளாறு என்று சொன்னேன். தம்பியிடம் எதுவும் சொல்லவில்லை.

இப்போது நான் பெட்டிகளை ஒப்பிட்டுச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

பழசில் இரைச்சல் உண்டு. அந்த இரைச்சல் உறுத்துவதால் மனுஷன் குமிழை ஏற்றத் தயங்குவான். ஏற்றினால் இரண்டு மணியில் கரகரக்கும், கையெடுத்துக் கும்பிடும். கும்பிட்டும் கேட்காமல் வைத்திருந்தது என் கொழுப்பு. புதுசு அப்படி இல்லை. தூறல் இல்லை, செல்போன் டிர்ர்டிக் இல்லை, சார்ஜரைக் கழற்றிவிட்டால் கொசுவும் இல்லை. பத்து மணியில் எவ்வளவு இனிமையோ மூன்று மணியிலும் அவ்வளவே இனிமை. குரல் உடையாது. பல்லைக் கடிக்காது. சத்தம் ஏறியிருக்கிறது என்றே தெரியாது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரல் தானாகப் போகும். பழசு நாலு வார்த்தை திட்டிச் சோறு போடுகிற மாமியார் என்றால், புதுசு சிரித்துக்கொண்டே விஷம் வைக்கிறவள்.

எனக்குக் காதில்லை, கண் இருந்தது. வயரைச் சுற்றிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து அந்த வெள்ளைக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சீசனில் ஒன்பது மணி. தீபாவளிக் கச்சேரியில் பதினொன்று. அடுத்த வருஷம் கிளாவரைக் கொடையில் ஒன்று. கன்னிவாடியில் ஒரு கல்யாணத்தில், பாடகர் தொண்டையைச் செருமும்போதுகூட அவன் குமிழை ஏற்றினான். கோடு இரண்டில் போய் நின்றது. அன்றைக்கு வயரில் ஒரு சிக்கு இல்லாமல் சுற்றினேன்.

சொல்லியிருக்கலாமே என்று ஒரு நல்லவர் கேட்பார். செவிடன் காதில் சங்கு ஊதினால் வீண் என்பது ஊர் வழக்கு. செவிடன் சங்கு ஊதினால் எவன் கேட்பான்? அதுவும் இல்லை. கேட்பான் என்று தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

போன தைப்பூசத்துக்குப் பழனி அடிவாரத்தில் ஒரு நீர்மோர்ப் பந்தலுக்கு மைக்செட் போட்டோம். பாத யாத்திரைக்காரர்கள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு காவடிக்காரர் பந்தலில் மைக்கை வாங்கி அரோகரா சொல்லிக்கொண்டே பாக்ஸுக்கு எதிரே வந்து நின்றார். நான் வயரோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் தெரிந்தது கைகள்தான். பந்தலில் இருந்த அத்தனை பேர் கையும் ஒரே நேரத்தில் காதுக்குப் போயிற்று. கைக்குழந்தையின் காதை அதன் தாய் பொத்தினாள். மோர் ஊற்றியவன் சொம்பைப் போட்டுவிட்டுப் பொத்தினான். நான் மெதுவாகத் திரும்பித் தம்பியைப் பார்த்தேன். ஹெட்போன் அவன் கழுத்தில் கிடந்தது. மிக்ஸர் முன்னால் சாவகாசமாக உட்கார்ந்து, ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

எழுந்து போய், அவன் தோளுக்கு மேலே கையை விட்டு, கட்டையை இழுத்து இறக்கினேன். அவன் என்னைப் பார்த்தான். நான் எதுவும் காட்டவில்லை.

பழசு என் காதைத் தின்ன வருஷக்கணக்கு ஆயிற்று. புதுசு மூன்றாவது சீசனைக்கூடப் பார்க்கவில்லை. எது மேல் என்று கேட்டீர்களே, புதுசுதான் மேல். இரண்டாம் தலைமுறை என்றால் சும்மாவா?

மறுநாள் காலையில் வேன் பழனியிலிருந்து மலையேறியது. அவன் ஓட்டினான், நான் பக்கத்தில். நாலு வளைவு ஏறியதும் ஒரு கையால் மூக்கைப் பிடித்து ஊதினான். மறுபடி ஊதினான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, நான் உதட்டைப் பார்க்கிற மாதிரி என் பக்கம் திரும்பினான். பணியாரம் சொன்ன நாளுக்குப் பிறகு அவன் எனக்காக முகத்தைத் திருப்பியது அன்றைக்குத்தான். முகம் வெளுத்திருந்தது.

“அண்ணே, போன வாரம் எறங்குனப்ப அடச்சது. இன்னும் தொறக்கல. ராவும் பகலும் ஙொய்ன்னு கெடக்கு. ஒங்களுக்கு மொதல்ல எப்படிண்ணே இருந்துச்சு?”

அந்தக் கேள்வியை நான் எத்தனையோ நாள் எதிர்பார்த்திருந்தேன். மதுரை டாக்டரின் தாள் என் பையிலேயேதான் இருந்தது. இப்போது குறைத்தால்கூட மிச்சம் தப்பும். அவன் சட்டைப்பையைப் பார்த்தேன். பொட்டலம் எப்போதும் போல அங்கேயேதான் இருந்தது. நானே கையை விட்டு ஒரு இஞ்சிமரப்பாவை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, அவன் கையில் கொடுத்தேன்.

“எனக்கு வேற மாதிரி” என்றேன். “ஒனக்கு இது மலை அடைப்புதான். மெல்லு. மேல போறதுக்குள்ள தொறந்துரும்.”

அவன் முகம் தெளிந்தது. வாயில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். பெருமாள்மலை வரும்வரை மென்றுகொண்டே வந்தான்.